பூட்டச் சொன்னவள்

யோசெப்பின் இந்த உலகத்தில ஆசைப்பட்டது ஒண்டே ஒண்டுக்குத்தான். கால் சூடாயிருக்க வேணும். நகை கேட்டவள் இல்லை, சீலை கேட்டவள் இல்லை. இளவாலை ஊரிலயிருந்து மொன்றியல் பட்டணத்துக்கு வந்து இறங்கின நாள் தொடக்கம் அவளுக்குக் கால் ரெண்டும் விறைச்சபடிதான். முதல் இருந்த அப்பாட்மென்ரில யன்னல் இடுக்கால காத்து ஊதிக்கொண்டு வரும். வீட்டுக்காரன் வந்து பாப்பான், தலையை ஆட்டுவான், போவான். அதாலதான் லொங்குய்யில சொந்த வீடு வாங்குவம் எண்ட கதை வந்தவுடன அவள் மாடாய் உழைச்சாள். புரோசார்ட்டில ஒரு மரக்கறிக் கடையின்ர குளிரறைக்குள்ள நிண்டு கீரை கட்டினாள். குளிருக்குத் தப்பிறதுக்காகக் குளிருக்குள்ள நிண்டு உழைச்சவள், பாருங்கோ.

வீடு வந்துது. சூடு வரேல்லை. ஏனெண்டால் வீட்டுக்குள்ள வலன்ரைனும் வந்தான்.

வலன்ரைன் அவளின்ர புருஷன். புவாண்ட்-கிளேரில ஒரு பெரிய களஞ்சியத்தில பெட்டி தூக்கிற மெசின் ஓட்டிறவன். கோயில் திருநாள் எண்டால் புனிதரின்ர சுருவம் தூக்க முதல் ஆளாய் நிப்பான். ஊர் முழுக்க நல்ல மனிசன். ஆனால் கரண்ட் பில் எண்டு வந்தால் அவனுக்குப் பேய் பிடிச்சிடும். சுவரில இருக்கிற ஹீட்டர் திருகியைப் பதினாறில வைச்சு, மேலால ரேப் ஒட்டி, பேனையால கோடு கீறி வைச்சிருப்பான். ஆராவது தொட்டால் கோடு விலகிப்போகும். வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முந்திக் கோட்டைத்தான் பாப்பான்.

"அடுப்புக்குப் பக்கத்தில நிக்கிறனி, உனக்கென்ன குளிர்?" எண்டு கேப்பான். அவள் குளிர்க்கோட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் கறி கிளறிறவள்.

ஒருக்கால் காய்ச்சலோட கிடந்தவள், தாங்க ஏலாமல் திருகியைக் கொஞ்சம் கூட்டிப்போட்டாள். வலன்ரைன் கத்தேல்லை, ஏசேல்லை. முன் கதவை அகலத் திறந்து, கதிரை ஒண்டை முட்டுக்குடுத்து வைச்சான். அவள் கஞ்சி குடிச்சு முடியும் வரைக்கும் கதவு திறந்தபடி. வெளியில கொட்டின சினோ கால்மிதியில வந்து விழுந்துது. "இப்ப தெரியுதோ, எது குளிர் எண்டு?" எண்டு கேட்டுப்போட்டுத்தான் பூட்டினான். அதுக்குப் பிறகு அவள் திருகிப் பக்கம் போகேல்லை.

இந்த வீட்டின்ர நிலக்கீழ் அறையில வாடகைக்கு வந்தவன் ராகவ். சென்னைப் பெடியன், கொம்பியூட்டர் வேலை, நல்ல மரியாதை. அவனுக்கும் வலன்ரைன் முதல் நாளே பாடம் எடுத்தான். "தம்பி, ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு? பேய் குளிர் காயவோ?" ராகவ் சிரிச்சான். ஆனால் பாடம் மனசில ஏறிட்டுது. இந்த வீட்டில சூட்டைக் குறைக்கிறவன்தான் நல்லவன் எண்டு விளங்கிக்கொண்டான்.

ராகவின்ர அறைக்குப் பின்னால உடுப்புத் தோய்க்கிற அறை. தண்ணிக் குழாய் வெளிச் சுவரோட ஒட்டிப் போறது அதுக்குள்ளதான். அங்க சுவரில ஒரு ஹீட்டர் எப்பவும் மெல்லிசாய் எரிஞ்சுகொண்டிருக்கும். பெருங்குளிருக்கு அது காணாது. அப்படியான நாளில, சுவர்த் தட்டில கிடக்கிற குட்டி ஹீட்டரை எடுத்து, குழாய்க்குக் கீழ வலன்ரைன் அடிச்சு வைச்ச தாங்கியில பொருத்திவிட வேணும். அது ஒவ்வொரு வருசமும் யோசெப்பினின்ர வேலை. எங்கட பேச்சில அதுக்குப் பேர் ஹீட்டர் பூட்டிறது.

இதைக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கோ. எங்கட ஆக்கள் பல்ப்பையும் பூட்டுவினம், ஃபானையும் பூட்டுவினம், கதவையும் பூட்டுவினம். ஒண்டு பொருத்திறது, மற்றது சாத்திறது. எது எது எண்டு எங்களுக்கு யோசியாமலே விளங்கும். சென்னைக்காரருக்குப் பூட்டு எண்டால் சாத்திறது மட்டுந்தான்.

தை மாதம், வலன்ரைனின்ர அத்தான் ஸ்காபரோவில மோசம் போனார். ரெண்டு பேரும் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்டினம். குளிர்காலத்தில வீட்டை விட்டுப் போனால், நாளாந்தம் ஒரு ஆள் சூட்டைப் பாத்துக்கொள்ள வேணும், இல்லாட்டி இன்சூரன்ஸ் செல்லாது. ராகவ் நிக்கிறான்தானே எண்ட துணிவு. பாதி வழியில கார் ரேடியோவில பெருங்குளிர் வருகுதெண்டு சொல்ல, யோசெப்பினுக்குத் திக்கெண்டுது. போனை எடுத்தாள்.

"தம்பி, சொல்ல மறந்துபோனன். குளிர் கூடப்போகுதாம். அந்தப் பின்னறை ஹீட்டரை ஒருக்காப் பூட்டிவிடுங்கோ."

"பூட்டிடறேன் ஆன்ட்டி. நீங்க கவலைப்படாதீங்க."

"மறந்துபோகாதேங்கோ, என்ன?"

"இப்பவே போய்ப் பூட்டிடறேன்."

சொன்ன சொல்லுத் தட்டாத பிள்ளை. கீழ போனான், பின்னறைச் சுவர் ஹீட்டரைச் சுழியத்துக்குத் திருப்பினான், கதவைச் சாத்திப் பூட்டுக்குள்ள திறப்பையும் திருகினான். ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு?

குழாய் வெடிச்சது ராகவ் வேலைக்குப் போயிருக்கேக்க. அவன் திரும்பி வந்து பாக்க, கதவுக்குக் கீழால தண்ணி வந்து, அவன்ர மெத்தையும் கொம்பியூட்டரும் ஊறிப்போய்க் கிடந்துது. கரண்டும் விழுந்திட்டுது. தண்ணியை எங்க நிப்பாட்டிறதெண்டு அவனுக்குத் தெரியாது; செத்தவீட்டில ஆரும் போன் எடுக்கேல்லை. கரண்ட் இல்லாமல் முழு வீடும் விறைக்க, மேல சமைக்கிற குசினிக் குழாயும் வெடிச்சுது. புருஷனும் பெண்சாதியும் வந்து கதவைத் திறக்க, குசினி நிலம் தண்ணி உறைஞ்சு கண்ணாடி மாதிரிக் கிடந்துது. யோசெப்பின் சுவரைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். எத்தினை வருசக் கீரைக்கட்டு அது.

வலன்ரைன் ராகவின்ர சட்டைக் கொலரைப் பிடிச்சான்.

"ஆன்ட்டிதான் சார் பூட்டச் சொன்னாங்க" எண்டான் அவன்.

அந்த ஈரத்துக்குள்ள நிண்டுதான் மூண்டு பேருக்கும் விளங்கிச்சுது. வலன்ரைன் கொலரை விட்டான். பெண்சாதியைத் திரும்பிப் பாத்தான். "உன்ர வாய்" எண்டான். அவ்வளவுதான் சொன்னவன்.

இன்சூரன்ஸ் ஆள் வந்து ராகவிட்ட இங்கிலிஷில விசாரிச்சுக்கொண்டு போனான். பெடியன் பொய் சொல்லேல்லை; ஹீட்டரை நிப்பாட்டச் சொன்னதாய்த்தான் தான் விளங்கினதெண்டு சொன்னான். வீட்டுக்காரரே சூட்டை நிப்பாட்டச் சொல்லியிருந்தால் காசு இல்லையாம். இனி, சொன்னவளே தன்ர வாயால சொல்ல வேணுமாம், போனில, பதிவோட. மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் தருவினமாம்.

இனி எல்லாம் அந்த ஒரு போனில. காசு வந்தால் வீடு, வராட்டி இல்லை. வலன்ரைன் அவளைக் கதிரையில இருத்திப் பழக்கினான். "பூட்ட எண்டு வாயே திறக்காதை. போடச் சொன்னன் எண்டு சொல்லு. எங்க, சொல்லு பாப்பம்."

"போடச் சொன்னன்."

"திரும்ப."

"போடச் சொன்னன்."

போன் வந்துது. சத்தமாய்க் கேக்கிற மாதிரி மேசையில வைச்சான். மறுபக்கத்தில இன்சூரன்ஸ் ஆள், அவனோட மொழிபெயர்க்க ஒரு பெண் குரல், தமிழ்நாட்டுப் பிள்ளை, நல்ல இதமான குரல். "வணக்கம்மா. பயப்படாம பேசுங்க. அன்னிக்கு அவர்கிட்ட என்ன சொன்னீங்களோ, அந்த வார்த்தையை அப்படியே சொல்லணும்மா. மாத்தாம சொல்லுங்க."

அப்படியே. மாத்தாமல். யோசெப்பின் பாவசங்கீர்த்தனத்தில கூட ஒரு சொல்லு மாத்திச் சொல்லாதவள். போட எண்ட சொல்லு நாக்கில வந்து நிண்டுது. அது பொய் எண்டு பட்டுது.

"பின்னறை ஹீட்டரைப் பூட்டிவிடுங்கோ எண்டு சொன்னனான்."

அந்தப் பிள்ளை அதைப் பிரெஞ்சில சொன்னாள். யோசெப்பினுக்குப் பிரெஞ்சு வராது. ஆனால் அதுக்குள்ள ஒரு சொல்லு விழுந்துது, ஃபெர்மே எண்டு. கடை சாத்திக் கிடந்தால் கதவில தொங்கிற சொல்லு. அது தெரியாமல் மொன்றியலில ஆரும் இருக்க ஏலாது.

"ஐயோ பிள்ளை, ஃபெர்மே இல்லை. பூட்டு."

"ஆமாம்மா. பூட்டுன்னுதான் சொல்லியிருக்கேன்."

"இல்லை, பூட்டிறதெண்டால்... பூட்டிறது, பிள்ளை." வேற சொல்லு வரேல்லை. கையால காட்டினாள், தாங்கியில வைக்கிற மாதிரி. போனுக்குக் கை தெரியுமோ? "கொழுவிறது. போடுறது. போடச் சொன்னனான்."

வலன்ரைன் பாய்ஞ்சு போனுக்கு மேல குனிஞ்சு, பாதிப் பிரெஞ்சிலயும் பாதி இங்கிலிஷிலயும் கத்தத் தொடங்கினான். பிறகு அந்த இன்சூரன்ஸ் ஆள் மெல்லமாய் ஏதோ கேட்டான். பிள்ளை அதைத் தமிழில கேட்டாள்.

"அம்மா, இப்படித்தான் சொல்லணும்னு யாராவது உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

யோசெப்பின் புருஷனைப் பாத்தாள். அவன் தலையை இல்லை எண்டு ஆட்டினான்.

"ஓம்" எண்டாள்.

"ஓம்னா என்னம்மா? ஆமாவா?"

"ஓம். ஆமா."

அதோட சரி. இன்சூரன்ஸ்காரர் ஒரு சதமும் தர மாட்டம் எண்டிட்டினம். ராகவ் வேற இடம் பாத்துப் போனான். வீட்டை அரை விலைக்குத்தான் வித்தினம். இப்ப ரெண்டு பேரும் திரும்ப ஒரு வாடகை அப்பாட்மென்ரில. திருகியில ரேப்பும் கோடும் வலன்ரைன் முதல் நாளே ஒட்டினவன்.

ஆனால் அதில்லை பெரிய கொடுமை. வலன்ரைன் கோயில் வாசலில நிண்டு கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் சொன்னான்: "என்ர மனிசி கரண்ட் மிச்சம் பிடிக்கப்போய் வீட்டை அழிச்சவ. பெடியனுக்குப் போன் பண்ணி ஹீட்டரை நிப்பாட்டச் சொன்னவ. இன்சூரன்ஸ்காரரே பதிஞ்சு வைச்சிருக்கினம்." சனமும் நம்பிச்சுது. ஏன் நம்பாது? அவளின்ர குரலிலயே இருக்குதே. பெண்டுகள் அவளைக் கண்டால் கதையை நிப்பாட்டிச்சினம்.

ஈஸ்ரருக்கு முந்தின தபசு காலத்தில ஒரு ஞாயிறு, பூசை முடிய, ஃபாதர் அவளைத் தனிய மறிச்சு, தோளில கை வைச்சு, நல்ல அன்பாய்ச் சொன்னார்:

"சிக்கனம் நல்லதுதான் பிள்ளை. ஆனாலும் கட்டின புருஷனைக் குளிரில விடக்கூடாது."

யோசெப்பின் குளிர்க்கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள்.

"ஓம் ஃபாதர்" எண்டாள்.