கனகம் அக்காவின் ஆற்றுமணல் ஜாடிகள்

செய்தி வந்தபோது நான் கொச்சி பிராட்வேயில் ஒரு கண்ணாடிச் சாமான் கடையில் நின்றிருந்தேன். கனகம் அக்கா கேட்டிருந்த குறுகிய வாய் ஜாடிகளில் இரண்டை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பைக்குள் போன் விடாமல் அதிர்ந்தது. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் படம். கீழே மலையாளத்தில் ‘ஆதராஞ்சலிகள்’ என்று போட்டிருந்தது. ஜாடி கையிலிருந்து நழுவி உடையவில்லை. அதெல்லாம் சினிமாவில் நடப்பது. இரண்டையும் பத்திரமாக மேஜைமேல் வைத்து, “இப்போ வேண்டா சேட்டா” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த பிறகு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடைபாதையிலேயே நின்றேன்.

மட்டாஞ்சேரிக்குப் படகில் திரும்புவதற்குள் அந்தப் படத்தின் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து நிறைந்துவிட்டன. படத்தில் அக்கா தன் ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரிக்கிறார். அந்த ஜாடிகளை வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்து வைத்தவர்களும் கைகூப்பியிருந்தார்கள். ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரியும். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது கோபம்தான்.

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு அக்காவைப் பற்றி எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். “நல்லதை மட்டும் எழுதினா மதி, கேட்டோ” என்று, போதும் என்பதை மலையாளமாக்கி, போனை வைப்பதற்கு முன் செயலாளர் சொன்னார். எழுதுகிறேன். எது நல்லது என்பதில் மட்டும் அவருக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் இருக்கலாம்.

வெளியூரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்காக இரண்டு வார்த்தை. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் சுந்தரம் அண்ணா, யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்குக் கிடங்கில் குமாஸ்தா. பிள்ளைகள் இல்லை. அண்ணா இறந்து வெகுநாள் அக்கா வீட்டைவிட்டே வரவில்லை. பிறகு ஒருநாள் சாயங்காலம், கேட்காமல் கொள்ளாமல் என் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார். நான் வீட்டுக்குள் வைக்கிற செடிகள் விற்கிறவள். மணி பிளாண்ட், சிங்கோனியம், தண்ணீரில் வளர்கிற மூங்கில் எல்லாம் வெறும் கண்ணாடி ஜாடிகளில் வரிசையாக நின்றிருந்தன. எல்லா ஜாடியிலும் பாசி பிடித்து, தண்ணீர் பச்சையாகிக் கிடந்தது. அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். “வேருக்கு வெளிச்சம் ஆகாது ராஜி. அது அதோட காரியத்தை இருட்டுலதான் பார்க்கும்” என்றார். இரண்டு ஜாடிகளைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

அவை திரும்பி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கண்ணாடியா, சுட்ட மண்ணா என்று தொட்டுப் பார்த்தேன். அக்ரிலிக் பெயிண்டில் சமையல் சோடாவைக் கலந்து, தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்து, பழைய பஞ்சுத் துண்டால் வெளிப்புறத்தில் ஒற்றியிருந்தார். பிரஷ்ஷால் இழுத்தால் அவருக்குப் பிடிக்காது. “சுவத்துக்கா வெள்ளையடிக்கிறே? ஒத்து. கொழந்தைக்கு ஜுரம் வந்தா நெத்தியிலே துணி வெச்சு ஒத்தற மாதிரி” என்பார். பின்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மேலிருந்து கீழே கண்ணாடியை அப்படியே விட்டிருந்தார். அது ஏன் என்று கேட்டேன். “உள்ளே தண்ணி இருக்கோன்னு செடிகிட்டயா கேக்க முடியும்?” என்றார். அன்றிலிருந்து என் செடி, அவர் ஜாடி என்று எங்கள் வியாபாரம் தொடங்கிற்று.

சோடா மட்டும் போதாது, கையில் நன்றாகச் சொரசொரப்பு தட்டவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை வந்தது. மணல் கலக்கலாம் என்றார். மணலுக்கா பஞ்சம்? ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை பக்கத்தில்தானே இருக்கிறது. இருவரும் போய் ஒரு பை அள்ளி வந்தோம். ஜாடிகள் பிரமாதமாக வந்தன, விற்றும் போயின. ஜூன் மாதம் மழை பிடித்ததும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புகார். ஜாடி வேர்க்கிறது, மேலே வெள்ளையாகப் பூக்கிறது. அக்கா ஒன்றை வாங்கி, விரலால் தடவி, நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பை இப்போதும் கேட்கிறேன். “உப்பு! ஆயுசு முழுக்க லேப்ல உப்பைத்தான் கட்டிண்டு அழுதேன். இது தோணலையே எனக்கு!” எல்லோருக்கும் வேறு ஜாடி செய்து கொடுத்தார். வேர்த்ததில் ஒன்றை மட்டும் என்னிடம் தந்தார். “இதை விக்க முடியாது. நீ வெச்சுக்கோ. மழை வரப்போறதுன்னா சொல்லும்.”

உப்பில்லாத மணல் வேண்டுமென்றால் ஆற்று மணல்தான். அக்காவுக்குத் தெரிந்த ஆறு ஒன்றுதான்.

சுந்தரம் அண்ணாவின் அஸ்தியை ஆலுவாவில், பெரியாற்றில்தான் கரைத்தது. வருஷா வருஷம் சிவராத்திரிக்கு அங்கே ஆற்றோர மணல் திட்டில், மணப்புறத்தில், அக்காவே போய் அவருக்குப் பிண்டம் வைத்துப் பலி இடுவார். நம் தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் அதைச் செய்வதில்லை; மலையாளிகள் செய்கிறார்கள். இதைப் பற்றி நம் தெருவில் அப்போதே முணுமுணுப்பு இருந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் தம்பி மகன் முரளியை வரச்சொல்லிச் செய்யலாமே என்று சிலர் அவரிடமே சொன்னார்கள். அக்கா அமைதியாகக் கேட்டுக்கொண்டார். “உயிரோட இருந்தப்போ என் கையாலதானே சாப்பிட்டார்? இப்போ மட்டும் எதுக்கு வேற கை?” 

அடுத்து வந்த சிவராத்திரிக்குப் போனவர் ஒரு துணிப்பையில் மணப்புறத்து மணலைக் கட்டிக்கொண்டு வந்தார். மெல்லிய மணல், வெயிலில் மினுங்கியது. எங்கிருந்து என்று தெரிந்ததும் எனக்கும் ஒரு கணம் உடம்பு கூசியது. பலி இட்ட இடத்திலிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது, குளித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அக்கா அதை மூன்று தண்ணீர் அலசி வெயிலில் உலர்த்தினார். 

நம் தெருவில் குடியிருந்த வத்ஸலா வீட்டுப் பால்காய்ச்சல் வந்தது. தோப்பும்படியில் புது வீடு. நம் தெருவே அங்கே இருந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க வத்ஸலா எங்களிடம்தான் செடியும் ஜாடியுமாகச் சொல்லியிருந்தாள். செங்காவி நிறத்தில் அக்கா செய்த அந்த ஜாடிகளைப்போல் அதற்கு முன்பும் செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை. எல்லோரும் கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்கள். வத்ஸலாவின் மாமியார் கேட்டார்: “என்ன மினுக்கு கனகம்! இந்த மண்ணு எங்கேர்ந்து?”

“ஆலுவா மணப்புறத்து மண்ணு அம்மா. சிவராத்திரிக்கு அவருக்குப் பலி இட்டுட்டு வரச்சே எடுத்தது.”

பாயசம் விளம்பிக்கொண்டிருந்த வத்ஸலாவின் கை நின்றது. அக்காவுக்குப் பொய் வராது. அவர் சொன்னது தப்பு என்றுகூட அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றவில்லை. ஜாடி நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களைப் பார்த்து இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வாரமே வத்ஸலாவின் குழந்தைக்குக் காய்ச்சல். மழைக்காலம், கொச்சி முழுக்கக் காய்ச்சல். ஆனால் பழி ஜாடிமேல் விழுந்தது. செத்தவர் சாம்பல் கரைந்த மண்ணை வாழ்கிற வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டாள் கனகம் என்றார்கள். ஜாடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. யாரும் நேரில் வந்து கொடுக்கவில்லை. விடியற்காலையில், பால்காரர் வருவதற்கு முன்னால், சந்துப் பக்கத்துப் பின்வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். சிலதில் செடி அப்படியே இருந்தது. சிலதில் தண்ணீர்கூட ஊற்றாமல் வாடியிருந்தது. அக்கா தினமும் கதவைத் திறப்பார், ஜாடிகளை உள்ளே எடுப்பார், செடியை மட்டும் கொண்டுவந்து என் மாடியில் வைப்பார். “செடி என்ன தப்பு பண்ணிச்சு?” என்பார். நவராத்திரி வந்தது. எந்தக் கொலுவுக்கும் பாட்டுக்கு முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் யாரும் கூப்பிடவில்லை. புடவை கட்டிக்கொண்டு, சாயங்காலம் முழுக்க வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். 

நான்தான் யோசனை சொன்னேன். “அக்கா, அது ஹார்ட்வேர் கடையில வாங்கின மண்ணு, ஞாபகப் பிசகா சொல்லிட்டேன்னு சொல்லிடுங்க. ரெண்டு நாள்ல எல்லாம் சரியாகும்.”

அவருக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். “அவர் கரைஞ்ச இடம் ராஜி. அது தீட்டுன்னா, அவரோட வாழ்ந்த நான் முழுக்கத் தீட்டு. என்னையும் எங்கேயாவது படியிலே கொண்டு வெச்சுட்டுப் போகச் சொல்லு.”

நான் மெதுவாகக் கேட்டேன். உப்பில்லை என்பதற்காக மட்டும்தான் அந்த மணலா?

அக்கா சாயா டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். சாயா ஆறிப் போயிற்று. “நல்ல மண்ணுதான். ஆனா, அதுக்காக மட்டும் இல்லே” என்றார். “இந்த வீட்டுக்குள்ள என்னோட தனியா அடைஞ்சு கிடக்கிறதைவிட, நாலு வீட்டுல, கொழந்தைங்க இருக்கற எடத்துல, ஒரு செடிக்குப் பக்கத்துல அவர் இருக்கட்டுமேன்னு தோணிச்சு. தப்பா?”

தப்பு இல்லை என்று நான் சொல்லியிருக்கவேண்டும்.  இன்று வரைக்கும் எனக்கு அதற்கு முழுசாக ஒரு பதில் தெரியாது. வாங்கிக்கொண்டவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டாமா என்று ஒரு பக்கம் மனசு கேட்கிறது. தெரிந்திருந்தால் யார் வாங்கியிருப்பார்கள் என்று மறுபக்கம் அதுவே கேட்கிறது.

போன மாதம் மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் போனபோது மத்தியானம், ஜன்னலோரக் கட்டில். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு, வந்ததும் வராததுமாக, பிராட்வேயில் இரண்டு ஜாடி பார்க்கச் சொன்னார். “நல்லா ஆயிட்டு ஒக்காந்து செய்வேன். வாய் குறுகினது வேணும்” என்றார். பிறகு குரலை இறக்கினார். திரும்பி வந்த ஜாடிகள் ஒன்றிலும் அவர் மணல் பூச்சைச் சுரண்டவில்லையாம். எல்லாவற்றையும் கழுவி, பத்திரிகைக் காகிதத்தில் சுற்றி, எந்தச் செடி எந்த வீட்டுக்குப் போனது என்ற ஞாபகத்தில் மேலே அந்தந்த வீட்டுப் பெயர் எழுதிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாராம்.

“நான் இல்லேன்னா உன் வீட்டுக்குக் கொண்டு போ. யார் வந்து கேட்டாலும் குடு. கேக்காமக் குடுக்காதே. மொதல் தடவை நான் பண்ணின தப்பு அதுதான். ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுத்திருக்கணும்.”

“எனக்கு மனசில்லை அக்கா” என்றேன். “அவங்களுக்கா?”

“உன் மனசை யார் கேட்டா?” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “விஷமிக்காதே” என்று மலையாளத்தில் சொன்னார். நான் வருத்தப்படாமல் எப்படி இருப்பது என்று மட்டும் சொல்லித் தரவில்லை.

முரளி வந்து எல்லாம் செய்தான். அக்காவையும் ஆலுவாவில்தான் கரைத்தோம். மணப்புறத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன். காலுக்குக் கீழே அதே மினுங்கும் மணல். குனிந்து தொட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை.

சங்கத்து ஹாலில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அக்காவின் கைத்திறனைப் பற்றிப் பேசினீர்கள். கலை நெஞ்சம் என்று ஒருவர் சொன்னார். கலை நெஞ்சம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாயங்காலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கூட்டம் கலைந்ததும், கை கழுவுகிற இடத்தில் வத்ஸலா என் பக்கத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

“ராஜி, எங்களோட ஜாடி… இருக்கோ?”

“இருக்கு.”

“மாமியார் கேக்கறா. மாமனாரையும் ஆலுவாலதானே கரைச்சது. அன்னிக்கு எல்லாரும் சொன்னப்போ அவளால ஒண்ணும் பேச முடியலை. ரூமுக்குள்ள வெச்சுக்கறாளாம்.”

 அக்கா சொன்னது ஞாபகம் வந்தது. “கேட்டாச்சு இல்லே? வந்து எடுத்துக்கோ” என்றேன்.

வத்ஸலா சுற்றும் முற்றும் பார்த்தாள். “நாளைக்கு விடியக்காலம் வரட்டுமா? ஆள் நடமாட்டம் இருக்காது. பின்பக்கமா வந்து…”

நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது ஒன்றுதான். முதலில் செய்து கெட்டுப்போன, கடல் மணல் ஜாடி. மாடி ஜன்னலில் சிங்கோனியத்தோடு நிற்கிறது. இதை எழுதும்போதும் அது வேர்த்துக்கொண்டிருக்கிறது, மழை வரும். அதை யாருக்கும் தருவதாக இல்லை.

மற்றவை உங்களுடையவை. என் வீட்டில், உங்கள் பெயரோடு, அக்கா சுற்றிவைத்த காகிதம் பிரிக்காமல் இருக்கின்றன. கேட்பவர்களுக்குத் தருவேன். எனக்கு இப்போதும் மனசில்லை. அக்கா சொன்னதற்காகத் தருவேன். தண்ணீர் பார்க்கப் பின்பக்கம் ஒரு விரல் கண்ணாடி விட்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். விடியற்காலையில் வரவேண்டாம். நல்ல வெளிச்சம் வந்த பிறகு, நாலு பேர் பார்க்க, முன்வாசல் வழியாக வாருங்கள். கதவைத் திறந்து வைத்திருப்பேன்.