பொடித்தையல் போட்ட விளக்கு

உங்கள் வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் முதலில் யாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் வீட்டில் என்னைத்தான். எலக்ட்ரானிக்ஸ் என்ஜினியரிங் முடித்தவள் அல்லவா! உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். நான்கு வருடப் படிப்பில் என் கையால் ஒரு குட்டி பல்பைக்கூட நான் எரியவைத்ததில்லை. கடைசி வருட ப்ராஜெக்டை நாலு பேர் சேர்ந்து ஒரு கடையில் ரெடிமேடாக வாங்கினோம். மிச்ச உதிரிப் பாகங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரட்டும் என்றுதான்.

அந்த டப்பாவைத் திறக்கவைத்தது என் அத்தை. அப்பாவின் அக்கா. மலைமேல் குண்டூர் நாடு என்னும் பகுதியில் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறார். ரவிக்கை, பாவாடை, பள்ளிச் சீருடை எல்லாம் தைப்பார். இரண்டு வருடமாகக் காது சுத்தமாகக் கேட்பதில்லை. காதில் மாட்டும் மெஷின் வாங்கிக் கொடுத்தோம். அதைப் போட்டுக்கொண்டு தைத்தால் மண்டைக்குள் லாரி ஓடுகிறது என்று பட்டன் டப்பாவுக்குள் போட்டுவிட்டார். நாங்கள் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் டெய்லர் சாக்பீஸால் கருப்புத் துணியில் எழுதிக் காட்டுவோம். அவர் மட்டும் வாயாலேயே பேசுவார், அடுத்த மலைக்குக் கேட்கும்படி.

சிக்கல் கதவுதான். திறந்து வைத்தால் குரங்கு உள்ளே வந்துவிடும். அதனால் எப்போதும் சாத்தித்தான் இருக்கும். வெளிச்சத்துக்காகத் தையல் மெஷின் பின் ஜன்னல் ஓரம். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் துணியோடு திரும்பிப் போனவர்கள் பலர். ஒருநாள் அப்பாவே அரைமணி நேரம் தட்டியிருக்கிறார். உள்ளே மெஷின் சத்தமும் இல்லை. பயந்துபோய்த் தாழ்ப்பாளை உடைத்து உள்ளே பாய்ந்தால், அத்தை தரையில் உட்கார்ந்து நிதானமாக ஒரு ரவிக்கையின் கைக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தாராம். அப்பா அங்கேயே உட்கார்ந்து இரண்டு டம்ளர் காப்பி குடித்தாராம்.

அப்பா அன்றே முடிவு செய்துவிட்டார். "ஞாயித்துக்கெழம பிக்கப் வண்டி கொண்டாறேன். மிசினோட ஏத்தி நம்ம ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தர்றேன்."

அத்தைக்கு இதை நான் துணியில் எழுதிக் காட்டியபோது அவர் என்னிடம்தான் பாய்ந்தார். "அங்க வந்து நான் என்ன அம்மிணி பண்றது? உங்கம்மாகூட சீரியலு பாக்கறதா? எனக்கு அதும் கேக்காது!" பிறகு குரலை இறக்கி, அதாவது பக்கத்து வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி, "என்ர ஊட்டுலயே இருந்துக்கறேன்னு உங்கப்பனுக்குச் சொல்லேன் சாமி" என்றார்.

என் கை சும்மா இருக்குமா? சாக்பீஸை எடுத்து எழுதினேன்: "வாசல்ல சுவிட்சு அமுக்குனா உங்க ஊசிகிட்ட வெளக்கு மின்னற மாதிரி பண்ணித் தாரேன்."

அத்தை படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ? போன தடவ நீ பாத்த மிக்ஸி அப்பறம் எந்திரிக்கவே இல்லயே."

வியாழக்கிழமை டப்பாவோடு அத்தை வீட்டில் போய் இறங்கினேன். யூடியூப்பில் பார்த்தால் குழந்தை வேலை. எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி., மூன்று ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்.இ.டி., ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி. எல்லாவற்றையும் ஓட்டை ஓட்டையாக இருக்கும் பிரெட்போர்டில் சொருக வேண்டியதுதான். கெப்பாசிட்டர் ஒரு குடம் மாதிரி. அது நிரம்பும்போது விளக்கு எரியும், காலியாகும்போது அணையும். யூடியூப் படத்தில் கெப்பாசிட்டரின் அளவு நூறு மைக்ரோ என்று போட்டிருந்தார்கள். என் டப்பாவில் பழுப்பு நிறத்தில் உளுந்து அளவுக்கு ஒன்று இருந்தது. அதன்மேல் 104 என்று அச்சு. நூறுக்கும் நூற்று நாலுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று சொருகிவிட்டேன். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நான் பட்டதாரி.

முதலில் எரியவே இல்லை. எல்.இ.டி.யைத் தலைகீழாகச் சொருகியிருந்தேன். நீளமான கால்தான் பிளஸ். திருப்பிப் போட்டதும் சிவப்பாக எரிந்தது. எரிந்தது, எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. மின்னவில்லை.

மின்னாத விளக்கால் ஒரு பயனும் இல்லை. அத்தை தைக்கும்போது ஊசிக்குப் பக்கத்தில் வைத்து எரியவிட்டுப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு ஒரு பாவாடை ஓரத்தை அடித்து முடித்தார். சும்மா எரியும் புள்ளி வேலையில் இருக்கும் கண்ணைக் கூப்பிடாது. அணைந்து எரிந்தால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஐ.சி.யைக் குற்றம் சொன்னேன். டப்பாவில் இருந்த இன்னொன்றை மாற்றினேன். அதே கதை. ரெசிஸ்டரை மாற்றினேன். வயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் சொருகினேன். கால்மணிக்கு ஒருமுறை அத்தை எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்பார். நான் இல்லை என்று தலையாட்டினால், "பரவால்ல, எரியவாச்சும் எரியுதே. மிக்ஸிக்கு இது தேவல" என்பார்.

சனிக்கிழமை மத்தியானம் மூடுபனி இறங்கி ஜன்னலை மறைத்தது. கரண்டும் போய்விட்டது. அறை இருட்டடித்துக் கிடந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. நாளைக்கு அப்பா வந்துவிடுவார். கோபத்தில் அந்த பிரெட்போர்டைப் பேட்டரியோடு சேர்த்துத் தூக்கி, கட்டிலின் மேல் விசிற ஓங்கினேன்.

"ஏய், நில்லு நில்லு! இன்னொருக்கா ஆட்டு!" என்று அத்தை கத்தினார்.

ஆட்டினேன்.

"தையலு போடுது பாரு!"

பார்த்தேன். இருட்டில் விளக்கு போன வழியெல்லாம் சிவப்புக் கோடு. கோடு இல்லை, புள்ளி புள்ளியாக, நூல் ஓட்டியது போல. அத்தை கிட்டே வந்து கண்ணைச் சுருக்கினார். "பொடித்தையலு. எட்டக்க நின்னு பாத்தா ஒரே கோடாட்டந்தான் தெரியும்."

எனக்கு மண்டையில் யாரோ கொட்டியது போல இருந்தது. இரண்டு நாளாக அது மின்னிக்கொண்டேதான் இருந்திருக்கிறது! கண்ணுக்குச் சிக்காத வேகத்தில். போனில் தேடினேன். 104 என்றால் நூற்று நாலு இல்லையாம். பத்தை எழுதிப் பக்கத்தில் நாலு சைபர் போட வேண்டும். அதுவும் மைக்ரோவில் இல்லை, அதைவிடப் பத்து லட்சம் மடங்கு சின்னதான பிக்கோவில். கணக்குப் பார்த்தால் எனக்கு வேண்டியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குடத்துக்குப் பதில் மூடியை வைத்திருக்கிறேன். வினாடிக்கு எழுநூறு தடவை நிரம்பி எழுநூறு தடவை காலியாகியிருக்கிறது, பாவம்.

துணியில் எழுதினேன்: "தையல் நீளத்தக் கூட்டணும். பெரிய கெப்பாசிட்டர் வேணும். எந்த ரேடியோவுலயும் இருக்கும்."

அத்தை எழுந்து போய், அலமாரி மேலிருந்து அவருடைய பழைய ரேடியோவை எடுத்து வந்து துடைத்தார். பேட்டரி போட்டுத் திருகினேன். கரகரவென்று ஒரு பாட்டு வந்தது. நான் நிமிர்ந்தபோது அத்தை ரேடியோவைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடுதா?"

"பாடுது" என்று எழுதினேன்.

"அப்ப உள்ள இருக்கற சாமானு நல்லாத்தான் இருக்கும். பிரி."

நான் பிரிக்கவில்லை. அவரே ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் கையில் திணித்தார். "அது எனக்குப் பாடி என்ன பண்ணுது? கதவ யாரு தட்டறாங்கன்னு சொல்லுச்சுன்னா போதும்."

அடுப்பில் ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி ஈயத்தை இளக்கி ஒரு நூறு மைக்ரோவைக் கழற்றினேன். வயர் வெட்ட அத்தையின் கத்தரியைத் தொட்டதற்கு முதுகில் ஓர் அடி. நகவெட்டியால் வெட்டினேன். இதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு, கோடு போட்ட பக்கம் மைனஸ் என்று மூன்று தடவை பார்த்துச் சொருகினேன். எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

அத்தை என் தலையை இழுத்து உச்சியில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மிக்ஸியையும் கொண்டா" என்றார்.

அன்று ராத்திரியே டப்பாவில் கிடந்த சுவிட்சை வாசலில் வைத்து, ஊசிக்குப் பக்கத்து விளக்குவரை வயர் இழுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா பிக்கப்போடு வந்தார். கதவில் நான் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்திருக்கிறார்: "தட்டாதீங்க, அமுக்குங்க." அமுக்கினார். விளக்கு மின்னியதும் அத்தை மெஷின் மிதியை நிறுத்தி எழுந்து போய்த் திறந்தார். "என்ன தம்பி, இன்னைக்கும் கதவ ஒடைக்க வந்தியா?"

அப்பா கதவைச் சாத்திவிட்டு மறுபடி அமுக்கினார். அத்தை திறந்தார். மூன்றாவது தடவையும் அமுக்கினார். "வெளையாடறியா? எனக்கு வேல கெடக்குது!" என்று அத்தை சத்தம் போட்டார்.

அப்பா உள்ளே வந்து அந்த விளக்கையே ரொம்ப நேரம் பார்த்தார். "பேட்டரி தீந்து போச்சுன்னா?" என்று என்னைக் கேட்டார். நான் அதைத் துணியில் எழுதிக் காட்டினேன்.

"தீந்தா மாத்திக்கறேன். அரிசி தீந்தா வாங்கறதில்லயா?" என்றார் அத்தை.

அப்பா காப்பி குடித்தார். பிக்கப் காலியாகத் திரும்பிப் போனது.

இதை அத்தை வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துதான் டைப் செய்கிறேன். இப்போது வாசலில் யாரோ அமுக்குகிறார்கள், விளக்கு மின்னுகிறது, அத்தை பார்த்துவிட்டார், ஆனால் பட்டன் துளைக்கு ஒரு காஜா பாக்கி இருப்பதால் இன்னும் எழவில்லை.