மாமா, ஒடி

அந்த ஊரில் என்னை யாரும் நம்பவில்லை. நானும் யாரையும் நம்பவில்லை. மற்றபடி எங்களுக்குள் எந்த ஒற்றுமையும் கிடையாது.

அறுபதுகளின் கடைசி. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணான நான், அதுவரை ராகிக் களியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அங்கே பாலர் வகுப்பு டீச்சராகப் போய் இறங்கினேன். அதற்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரியில், கால் விளங்காத குழந்தைகளை நடக்கப் பழக்கும் இடத்தில் கொஞ்ச காலம் உதவிக்கு இருந்திருக்கிறேன். அதைத் தெரிந்துகொண்ட ஹெட்மாஸ்டர் பள்ளிக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கொட்டகையைக் காட்டி, "நல்ல புள்ளைங்கள நாங்க பாத்துக்கறோம். மத்ததுங்கள நீங்க பாத்துக்கங்க" என்றார். ஐந்து வயதுகூட ஆகாத, கண் தெரியாத, காது கேளாத, கால் நடக்காத பிள்ளைகளைத்தான் அவர் மத்ததுங்கள் என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் என்னை வாசலிலேயே எடை போட்டார்கள். நொண்டிப் பிள்ளைக்கு எதற்குப் பள்ளிக்கூடம், இதில் இவளுக்கு என்ன லாபம் என்று எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் எங்கள் பள்ளிச் சுவரில் சிவப்பு முக்கோணம் வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள். அதனால் நான் காய்ச்சிக் கொடுக்கும் பவுடர் பாலில் ஏதோ மருந்து கலந்திருப்பதாக ஒரு பேச்சு. கண் தெரியாத பையனின் அம்மா சாயங்காலம் வந்ததும் முதலில் அவன் நெற்றியைத்தான் பார்ப்பாள், விபூதி இருக்கிறதா, நான் அழித்துவிட்டேனா என்று. ஒருநாள் பொறுக்க முடியாமல், "நல்லா பாத்துக்கிடுங்க, கழுத்துல சிலுவை எதுவும் தொங்குதான்னு" என்றேன். மறுநாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கெஞ்சித்தான் திரும்பக் கூட்டிவந்தேன். வாய்க்கொழுப்பு எனக்கு அப்போதே உண்டு.

அந்தக் கொட்டகைக்கு ஒரு சிறுமி வந்தாள். நான்கு வயது இருக்கும். வலது கால் சூம்பிப் போய், முழங்காலில் கொஞ்சம் மடங்கியே நின்றது. பேச்சும் சரியாக வரவில்லை, மொத்தமே நாலைந்து சொற்கள்தான். தோளில் தூக்கிவந்தவன் தாய்மாமன். சானமாவுப் பக்கம் யானை இறங்கி ராகிக் கொல்லையை அழித்துவிட்டதாகவும், அதனால் இங்கே வந்து மாட்டுவண்டி ஓட்டுவதாகவும் சொன்னான். அப்பா பெங்களூரில் ஏதோ ஃபேக்டரிக்குப் போனவர், எப்போதாவது வருவாராம். அம்மா கூலி வேலை. வீட்டில் கன்னடம். "கால் ஏன் இப்படி?" என்று கேட்டதற்கு, "ஜொரம் வந்துச்சு, போயிடுச்சு" என்றான். போனது ஜுரமா காலா என்று தெரியவில்லை. அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. ஊரில் விசாரித்தால், எங்கிருந்தோ வந்தவன் என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஹெட்மாஸ்டர் ஒரு நிபந்தனை போட்டார். அவளாக நடந்து வந்தால்தான் வயது வரும்போது ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பாராம். தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டுப் போக இது சத்திரம் இல்லையாம். இவளை நடக்க வைத்து அவர் மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் விடுவதில்லை என்று நான் மனதுக்குள் சபதம் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மாமன் மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. குந்தாரப்பள்ளிச் சந்தை நாளில் அவள் பள்ளிக்கு வரமாட்டாள். மறுநாள் முகம் வெயிலில் கறுத்து, தலையெல்லாம் புழுதியாக வந்து, உட்கார்ந்தபடியே தூங்குவாள். பாவாடை மடியில் பொரியோ கடலை மிட்டாயோ இருக்கும். நடக்க முடியாத பிள்ளையைச் சந்தைக்கு எதற்குக் கொண்டுபோகிறான்? யார் கொடுத்த மிட்டாய் அது? ஜோலார்பேட்டை ஜங்ஷனில் வண்டி மாறும்போதெல்லாம், சக்கரம் வைத்த பலகையில் உட்காரவைத்துப் பிச்சை எடுக்க விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே கையைக் காலை ஒடித்துவிடும் ஆட்கள் உண்டு என்று அந்தக் காலத்தில் ரயிலில் பேசாதவர் கிடையாது. ஒருநாள் நனைந்த பாவாடையை மாற்றும்போது தொடையில் வட்டமாக ஒரு சூட்டுத் தழும்பைப் பார்த்தேன்.

கொட்டகைக்குள் இரண்டு மூங்கில்களை அவள் இடுப்பு உயரத்துக்கு அடுத்தடுத்துக் கட்டியிருந்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்து வர வேண்டும். நான் எதிரே உட்கார்ந்து, எந்தக் காலை எடுக்க வேண்டுமோ அந்தக் காலை விரலால் தட்டி, "ஒரு அடி... இன்னொரு அடி..." என்று கத்துவேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. நல்ல காலைச் சட்டென்று எடுத்து வைப்பாள். சூம்பிய காலின் முறை வந்ததும் நின்றுவிடுவாள். கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். பிறகு மூங்கிலிலிருந்து ஒரு கையை எடுத்து, அந்தத் தொடையைத் தட்டி, "மாமா, ஒடி" என்பாள்.

முதல் தடவை என் காதையே நான் நம்பவில்லை. திரும்பவும் தட்டினாள், தழும்புக்குப் பக்கத்திலேயே. "மாமா, ஒடி."

"மாமாவா? மாமாவா கால ஒடிச்சாரு?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே இன்னொரு முறை தட்டிச் சொன்னாள். இதைப் போய் ஒரு பிள்ளை சிரித்தபடி சொல்கிறதே என்று எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம்தான் அதிகம்.

ஒன்றாம் வகுப்பு டீச்சரிடம் கேட்டிருக்கலாம். அந்த அம்மாள் உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று மூன்றும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அவர் பள்ளி வாசலில் நின்று அந்த மாமனோடு கன்னடத்தில் சிரித்துப் பேசியதை நான் பார்த்திருந்தேன். இவரிடம் வாயைத் திறந்தால் அவன் காதுக்குப் போய்விடும், அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே கம்பி நீட்டிவிடுவான் என்று பயந்தேன். கையும் களவுமாகப் பிடித்துப் போலீசில் ஒப்படைப்பது என்று முடிவு செய்து, மூச்சுவிடாமல் இருந்தேன்.

அப்போதுதான் அவன் வேலிக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தான். பிள்ளையை விட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போவதுபோல் போவான். சற்று நேரத்தில் கள்ளிவேலிக்கு மேலே முண்டாசு தெரியும். நான் "ஒரு அடி" என்று கத்தியதும் முண்டாசு நிமிரும். மடியில் கனம் இல்லாதவன் எதற்கு இப்படி வேவு பார்க்கிறான்? பிள்ளை என்னிடம் உண்மையைச் சொல்லிவிடுமோ என்று நடுங்குகிறான் என்றே எண்ணினேன். அவன் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே இன்னும் உரக்கக் கத்தினேன்.

ஒருநாள் சூம்பிய காலைத் தட்டித் தட்டி, "அடி, ம்... அடி" என்று கத்திக்கொண்டிருந்தேன். வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்துவிட்டான். கையில் மாட்டுச் சாட்டை. "யாக்கம்மா மகூன ஒடீதீரா?" என்று கத்தினான்.

அதில் எனக்குப் பிடிபட்டது 'ஒடி' ஒன்றுதான். "நான் ஒடிக்கேனா? என்ன துணிச்சல்! நீருதானய்யா ஒடிச்சீரு! பிள்ளையே சொல்லுது! பிச்சை எடுக்க வைக்கதுக்குத்தானே சந்தைக்குக் கொண்டு போறீரு?" என்று எழுந்து நின்றேன். கோபம் வந்தால் எனக்குத் திருநெல்வேலி வந்துவிடும். அதில் பாதி அவனுக்கு விளங்கியிருக்காது.

"பிச்சை" மட்டும் விளங்கியிருக்க வேண்டும். முகம் கறுத்துவிட்டது. தெரிந்த தமிழுக்கு மாறினான். "நீங்கதான் அடிக்கிறீங்கோ! தெனம் ஊட்டுக்கு வந்து கால தட்டித் தட்டிக் காட்டுது, டீச்சர் அடி, டீச்சர் அடிங்குது. நொண்டிக் காலுலயா அடிப்பாங்கோ? வெளிய நின்னு நானும் கேட்டுக்கினுதான் இருக்கறேன். அடி அடின்னு நீங்களே கத்தறீங்கோ! இனிமே புள்ள இங்க வராது."

சத்தம் கேட்டு ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஓடி வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவரிடம் முறையிட்டோம். முதலில் அவனை விசாரித்தார், பிறகு என்னை. கேட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அவரையும் சேர்த்து இரண்டு வைக்கலாம்போல் இருந்தது.

"ஏங்க டீச்சர், காலெடுத்து வெக்கறத நீங்க அடிங்கறீங்க. அவருக்குத் தெரிஞ்ச அடி, முதுகுல வாங்கற அடி மட்டுந்தான்."

"அது இருக்கட்டும். ஒடின்னு பிள்ளை சொல்லுதே, அதுக்கு என்ன சொல்லுதீங்க?"

"கன்னடத்துல ஒடின்னா அடின்னு அர்த்தம்."

"அப்ப அடிக்கத்தானே செய்யாரு!"

"அட, இருங்க. மாட்டு வண்டி ஓட்டறதுக்கும் அதே வார்த்தைதான். வண்டி ஒடின்னா, வண்டிய ஓட்டுன்னு."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னதை அந்த அம்மாள் எனக்குத் தமிழில் சொன்னார். சந்தை நாளில் சரக்கு ஏற்றிக்கொண்டு விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் திரும்புவான். அன்றைக்கு வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் பிள்ளையை வண்டியின் முன்பக்கம் தன் மடியில் வைத்துக்கொள்வான். மாடு சண்டித்தனம் செய்து நின்றால், அவள்தான் எட்டி அதன் முதுகைத் தட்டி, "மாமா, ஒடி" என்பாள். காய்ச்சலில் கால் விழுந்தபோது சூடு போட்டால் சரியாகும் என்று யாரோ சொன்னார்களாம். அம்மா பிடித்துக்கொண்டாளாம். தன்னால் பார்க்க முடியாமல் வெளியே ஓடிவிட்டதாகச் சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நகராத மாட்டைத் தட்டுவதுபோலத்தான் அவள் காலைத் தட்டியிருக்கிறாள். ஓட்டச் சொல்லி மாமனைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு மூலையில் சந்தேகம்தான். கதை கட்டத் தெரியாதவர்கள் யார்? "அப்படின்னா நீரே ஓட்டும், பாப்போம்" என்றேன்.

அவன் சாட்டையைக் கீழே வைத்தான். மூங்கில்களின் அந்தப் பக்கக் கடைசியில் போய்க் குந்தினான். அவ்வளவு நேரமும் எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை நல்ல காலை எடுத்து வைத்தாள். நின்றாள். சூம்பிய காலைத் தட்டி, "மாமா, ஒடி" என்றாள். அவன் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, மாட்டுக்குக் கொடுக்கும் சத்தம் கொடுத்தான். அந்தக் கால் தரையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. தூக்கி வைக்கவில்லை, ஆனாலும் வந்தது. மறுபடி நல்ல கால், மறுபடி தட்டல், மறுபடி சத்தம். அப்படியே மாமன் கை எட்டும் தூரம் வரை போய்விட்டாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. தொண்டை வறளக் கத்தியது நான், பிள்ளை நடந்து போனது அவனிடம். இப்படியே தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான், பிச்சை எடுக்க வைக்கிறான் என்று சொன்னவளிடம் இனி எதற்கு அனுப்புவான் என்று நினைத்தேன்.

அவன் தூக்கவில்லை. அவளை மெல்ல என் பக்கம் திருப்பி, இரண்டு கையையும் மூங்கில் மேல் எடுத்து வைத்தான். என்னை நேராகப் பார்த்து, "ஈக நீவு ஒடீரி" என்றான். இனி ஓட்ட வேண்டியது நான் என்பதை எனக்கு யாரும் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எதிரே போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்த பிறகுதான், அடி என்று சொல்வதா ஒடி என்று சொல்வதா என்று குழம்பினேன். நல்ல காலை எடுத்து வைத்துவிட்டு அவள் காத்திருந்தாள். பிறகு பொறுமையிழந்து, சூம்பிய காலை ஓங்கித் தட்டி, "டீச்சர், ஒடி" என்றாள்.