பத்து நிமிட நடையில் ஒரு மைதானம்

மாலக்கி டிக்னன் முல்லிங்கரில் வீடு வாங்கியதற்கு ஒரே காரணம், அந்த ஊர் அயர்லாந்தின் நடுவில் இருந்ததுதான். ஸ்லைகோவானாலும் டன்டாக்கானாலும் லிமெரிக்கானாலும் காரில் இரண்டு மணி நேரம். அடுத்து எந்த ஊர் கால்பந்து அணி கூப்பிடும் என்று அவனுக்கே தெரியாதே.

பதினேழு வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவன். இரண்டு வருஷம் பெரிய அணியொன்றின் இளையோர் ஆட்டங்களில் ஓடவிட்டு, உயரம் இருக்கிறது, வேகம் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் பத்து அணிகள். பகலில் வீடுகளுக்கு ஜன்னல் பொருத்தும் வேலை, சாயங்காலம் பயிற்சி, வெள்ளிக்கிழமை ஆட்டம். ஒப்பந்தம் எப்போதும் ஒரே ஒரு சீசனுக்குத்தான். யாரும் அவனை விரட்டவில்லை. பாதி இடங்களில் இன்னும் ஒரு வருஷம் இரு என்று கெஞ்சினார்கள். ஆனால் ஒரு ஊரின் கடைக்காரர், அவன் வாய் திறப்பதற்குள் அவனுக்குப் பிடித்த ரொட்டியை எடுத்து நீட்ட ஆரம்பித்தால், அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ அரிக்கத் தொடங்கிவிடும்.

முப்பத்து நான்கு வயதானபோது முல்லிங்கர் அணியே கூப்பிட்டது. மேனேஜர் பார்ட்லி ஹேன்லன் நேரில் வந்து சமையலறையில் உட்கார்ந்தார்.

"நாடெல்லாம் சுத்தினே, எங்க பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கலையேப்பா."

"நீங்க கூப்பிடவே இல்லையே."

"நீ ஊர்ல இருந்தாத்தானே கூப்பிட."

பள்ளிக்கூட ஆசிரியையான அவன் மனைவி நுவாலா தேநீர் ஊற்றியபடியே சிரித்தாள். மைதானம் பத்து நிமிட நடை. அவளுக்கும் அது சந்தோஷம்தான்.

முதல் ஆறு ஆட்டங்களில் நான்கு கோல். ஆனால் ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் மாலக்கியால் உட்கார முடியவில்லை. பின்னறை ஜன்னலைக் கழற்றி மாட்டினான். சோபாவை இடம் மாற்றினான். பிறகு பால் வாங்கி வருகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் கழித்து வருவான். ஜூன் மாதத்தில் ஒருநாள் நுவாலா ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. பால் ஏழு லிட்டர் இருக்கு. எங்க சுத்திட்டு வர்றே?"

"ஏரிப் பக்கம்."

"ஏரியில என்ன?"

"ஒண்ணுமில்ல."

"எவளாவது இருக்காளா?"

"எனக்கு எங்க அதுக்கெல்லாம் நேரம்?"

அவள் சிரிக்கவில்லை. அவன் நாற்காலியை இழுத்தான், ஆனால் உட்காரவில்லை.

"ஆட்டம் முடிஞ்சா மனசு அடங்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும், நுவாலா. முன்னாடி அதெல்லாம் கார்லயே முடிஞ்சிடும். இங்க பத்து நிமிஷத்துல வாசல்ல வந்து நிக்கிறேன்."

நுவாலா ஃபிரிட்ஜை மூடினாள். "பதினோரு வருஷமா உங்கூடக் குடித்தனம் பண்றேன். அப்ப நான் பார்த்ததெல்லாம் அடங்கி வந்த ஆளைத்தானா?"

ஜூலையில், சீசன் பாதியிலேயே, டொனிகால் பக்கத்து அணியொன்று கூப்பிட்டது. புள்ளிப் பட்டியலில் கடைசி இடம், மூன்று மணி நேரப் பயணம். மாலக்கி நான்கு நாள் மூடி வைத்திருந்து ஐந்தாம் நாள் சொன்னான்.

"நீ வேண்டாம்னா போகல."

"அதை என் தலையில கட்டாதே. போகணும்னா போ. எனக்கும் இப்ப லீவுதான். வெள்ளிக்கிழமை நானும் வருவேன்."

ஹேன்லனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சண்டை போடவில்லை. "நின்ன இடத்துல நின்னு நீ பேசி நான் பார்த்ததே இல்லடா. இப்பக்கூடப் பாரு, கதவுப் பக்கமே நகர்றே," என்றார். அது உண்மைதான். மாலக்கிக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

டொனிகாலில் முதல் ஆட்டம் ஒன்றுக்கு பூஜ்யம் என்று தோல்வி. காலியாகக் கிடந்த கோலுக்குள் தலையால் முட்டியிருக்க வேண்டிய பந்தை மாலக்கி கம்பத்துக்கு மேலே அனுப்பியிருந்தான். திரும்பும் வழியில் அவன் கத்தினான், ஸ்டியரிங்கைக் குத்தினான். பந்தைத் தூக்கிக் கொடுத்தவனைத் திட்டினான், நடுவரைத் திட்டினான், தன்னைத்தானே பேர் சொல்லி ஏசினான். ஸ்லைகோ தாண்டும்வரை அதே கதை. நுவாலா பெட்ரோல் பங்கில் வாங்கிய சாசேஜ் ரோலைத் தின்றுகொண்டு வந்தாள். லாங்ஃபோர்டு நெருங்கும்போது அவன் குரல் தணிந்தது.

"பயந்துட்டியா?"

"இல்ல. அந்த கோலை நானே போட்டிருப்பேன்."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மிச்சமிருந்த ரோலை அவள் அவன் கையில் கொடுத்தாள். கோடை விடுமுறை முடியும்வரை ஒரு வெள்ளிக்கிழமைகூட அவள் தவறவில்லை. சில நாள் அவளும் சேர்ந்து நடுவரைத் திட்டினாள்.

பதினோரு ஆட்டங்களில் மூன்று கோல் போட்டான். ஒரே ஒரு புள்ளியில் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தபின் போன் அடிக்கவில்லை. டிசம்பரும் போயிற்று. ஜனவரியில் முதன்முறையாக அவனே மேனேஜர்களுக்கு போன் போட்டான். மூன்று பேர் வயதைக் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். நான்காமவர் வெக்ஸ்ஃபோர்டு பக்கத்துக்காரர். மாற்று ஆட்டக்காரனாக மட்டும் என்றால் வா என்றார். அது பதின்மூன்றாவது அணி.

மார்ச்சில் முதல் ஆட்டம். மழை. மாலக்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த மாற்று கோல்கீப்பர் திரும்பினான்.

"அண்ணே, காலைக் கொஞ்சம் நிறுத்துங்க. பெஞ்சே ஆடுது."

எழுபதாவது நிமிடத்தில் மேனேஜர் பெஞ்சுப் பக்கம் பார்த்தபோது, யார் பெயரையும் அவர் சொல்வதற்கு முன்பே மாலக்கி மேல்கோட்டைக் கழற்றி எறிந்திருந்தான்.