லெம்லெம் தானே பேசினாள்

டச்சுக்காரர்களின் நாட்டில், இந்த மெப்பெல் ஊரில் எங்கள் எரித்ரியக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். லெம்லெம் என் எதிர்வீட்டுக்காரி. எங்கள் நாட்டுத் தலைநகரான அஸ்மாராவில் துணிக்கடை நடத்தியவள். பேரம் பேச வருகிறவர்களைப் பேசியே அசரவைத்தவள். இங்கே வந்த பிறகு சலவை ஆலையில் படுக்கைவிரிப்பு மடிக்கிறாள். அந்த இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. வெளியே பேச வேண்டியதையெல்லாம், அவளுக்கு முன்பே வந்து டச்சு கற்றுக்கொண்ட கணவன் ஹப்தோம் பேசிவிடுவான்.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு மாதவிலக்கு தொடங்கினால் நிற்பதில்லை என்றாகிவிட்டது. முகம் வெளிறியது. மடிப்பு மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. ஹப்தோம் அவளைக் குடும்ப மருத்துவரிடம் அழைத்துப் போனான். அவர் எழுதிக் கொடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

லெம்லெம் எங்கள் மொழியில் மூச்சுவிடாமல் சொன்னாள். ஹப்தோம் அதை டச்சில் இரண்டே வார்த்தையில் முடித்தான். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுப் பாராசிட்டமால் போடச் சொன்னார். குறையவில்லை என்று மறுபடி போனார்கள். அதே இரண்டு வார்த்தை, அதே பாராசிட்டமால்.

“இந்த ஊர்ல காலு ஒடிஞ்சாலும் அதான்டி,” என்று நான்கூடச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆலையில் தன்னோடு வேலை செய்யும் டினெக்கெ என்ற டச்சுக்காரியிடம், ஹப்தோம் சொன்ன வார்த்தைகளைச் சொல்லி அர்த்தம் கேட்டிருக்கிறாள்.

“வயித்து வலி,” என்று டினெக்கெ தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாளாம்.

அன்று சாயங்காலம் காபிக்கு நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். லெம்லெம் கொட்டை வறுப்பதை நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

“நான் ரத்தம்னு சொன்னேன். நீ என்ன சொன்ன?”

ஹப்தோம் என்னைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான். “அதெல்லாம் ஒரு ஆம்பளகிட்ட நான் எப்படிச் சொல்றது? வயிறுன்னு சொன்னா டாக்டருக்குப் புரியாதா?”

“அவர் என்ன குறி சொல்றவரா?”

“சரி, அடுத்த தடவ சொல்றேன்.”

“அடுத்த தடவ நீ வர வேண்டாம். நானே பேசிக்கிறேன்.”

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் டினெக்கெதான் டச்சு வாத்தியார். பாதி எளிய டச்சு, பாதி கைஜாடை.

“டாக்டர் ஆபீஸ்ல போன எடுக்கிற பொண்ணு என்ன விஷயம்னு கேப்பா. வம்புக்குக் கேக்கிறான்னு நெனைக்காத. உன்ன யாரு, எப்பப் பாக்கணும்னு அவதான் முடிவு பண்ணுவா. மென்னு முழுங்காம ரத்தம்னு சொல்லு. பொம்பள டாக்டர் வேணும், ரெண்டு நோயாளிக்கான நேரம் எனக்கு ஒருத்திக்கே வேணும்னு கேளு. இல்லன்னா பத்து நிமிஷத்துல எழுப்பிவிட்டுருவாங்க.”

“கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“கேக்கலன்னா ஒண்ணும் வேண்டாம்னு நெனச்சுக்குவாங்க.”

முதல் தடவை போன் செய்தபோது அந்தப் பெண் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலப் பேசினாள். லெம்லெம் போனை வைத்துவிட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அழைத்தாள். “மெதுவாப் பேசுங்க,” என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு கேட்க வேண்டியதை ஒன்றுவிடாமல் கேட்டாள்.

போகும்போது என்னையும் கூட்டிப்போனாள். “துணைக்கு வா. உள்ள வாயத் தொறந்தே, அப்புறம் என் வீட்டுல உனக்குக் காபி கிடையாது.”

மருத்துவர் போஸ்மா என்ற பெண்மணி பார்த்தார். லெம்லெமின் டச்சு தட்டுத் தடுமாறித்தான் வந்தது. காலம், இலக்கணம் எதுவும் ஒட்டவில்லை. ஆனால் ரத்தம் என்ற வார்த்தை தெளிவாக வந்தது. போஸ்மா கணினியைவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இத ஏன் முன்னாடியே சொல்லல?”

“சொன்னேன். உங்ககிட்ட வந்து சேரல.”

அன்றே ரத்தம் எடுத்தார்கள். இரும்புச்சத்து கீழே கிடந்தது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி. புற்று இல்லை, ஆனால் எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவை சிகிச்சைக்கு வசந்தம்வரை காத்திருக்கச் சொன்னார்கள். லெம்லெம் காத்திருக்கத்தான் செய்தாள், ஆனால் வாயை மூடிக்கொண்டு அல்ல. திங்கட்கிழமைதோறும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்வாள். “ஆபரேஷனுக்கு யாராவது வரலன்னா என்னக் கூப்பிடுங்க. உடனே வந்துருவேன்.” கொஞ்ச நாளில் எதிர்முனையில், “லெம்லெம்தானே?” என்று குரலை வைத்தே கண்டுகொண்டார்கள். பிப்ரவரியில் ஓர் இடம் காலியானது.

அறுவை முடிந்த மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று நர்ஸ் சொன்னதும் ஹப்தோம் கொதித்தான். “வயித்தக் கிழிச்சுட்டு மறுநாளே வீட்டுக்கா?” பிறகு என்ன நினைத்தானோ, காதெல்லாம் சிவக்க, தரையைப் பார்த்தபடி அந்த நர்ஸிடம் டச்சில் கேட்டான். எவ்வளவு ரத்தம் போனால் பயமில்லை, எப்போது உடனே அழைக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது. நர்ஸ் சர்வசாதாரணமாகப் பதில் சொன்னாள்.

லெம்லெம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருந்துவிட்டு கட்டிலருகே நின்ற என் கையைத் தட்டினாள். “ஒண்ணும் விடலடி. முழுசாக் கேட்டுட்டான்.”

வீட்டில் அவளுக்கு அவனே களி கிண்டினான். நடுவில் குழித்து நெய்யும் ஊற்றினான். கட்டி கட்டியாக இருந்தது. அதை அவனிடம் அவள் டச்சிலேயே சொன்னாள். ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினாள். இப்போது மேசையைப் பிடிக்காமல் நிற்கிறாள்.