அண்ணிக்கு நான் என்ன உறவு

எங்கள் அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், ஆறங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் கிடக்கும். அண்ணியுடையது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் அவர் லைன் சூப்பர்வைசர், ஒரு வரிசைத் தையல் மிஷின்களுக்குப் பொறுப்பு. காலர் அளக்க வைத்திருந்த ஸ்கேல் அது. வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் ஃப்ரிட்ஜைத் திறந்து அதை எடுத்து, உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிடுவார். ஒரு கை அடங்கியதும் மறு கை. பிறகு பாதங்கள். வெளியே பார்த்தால் ஒரு பரு, ஒரு தடிப்புகூட இருக்காது. அரிப்பு தோலுக்கு அடியில், சொறிந்தாலும் எட்டாத இடத்தில் இருந்தது. "உள்ளாற எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்று ஒரே ஒருமுறை சொன்னார். ராத்திரியெல்லாம் தூங்காமல் தேய்த்துக்கொண்டிருந்தாலும், மற்றபடி அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

அப்போது நான் பிரசவத்துக்காகக் கொரட்டூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணனும் அண்ணியும் அம்மாவோடுதான் இருந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று அண்ணி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து அவளை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு வாரம் போயிருக்கும். குழந்தையைத் தோளில் போட்டபடியே அவர் முழங்கையைச் சுவரில் தேய்ப்பதைப் பார்த்தேன். அன்றைக்கே என் துண்டையும் சோப்பையும் தனியாக எடுத்து வைத்தேன். மறுநாள் அவர் கை நீட்டியபோது, "வேணாம் அண்ணி, கொழந்தைக்கு ஒட்டிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கையை மெதுவாக மடக்கிக்கொண்டு, "ஆமா, அதுவும் சரிதான்" என்றார். கோபமோ அழுகையோ இல்லை. அதன் பிறகு ஐந்து மாதம் என் குழந்தை அழுதால்கூட அவர் அந்த அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவார். அந்த ஐந்து மாதமும் அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

அவர் பார்த்த தோல் மருத்துவர்கள் நான்கு பேர். பஞ்சுத் தூசி என்றார் ஒருவர், மனக் கவலை என்றார் இன்னொருவர். வேப்பிலை, களிம்பு, பத்தியம் எல்லாம் ஆனது. கடைசியில் பூந்தமல்லி பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் இருந்த பெண் மருத்துவர்தான் கையைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, தோல் டாக்டர் வேண்டாம், முதலில் ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரப் பரிசோதனைக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொன்னார்கள். ஈரலுக்குள் பித்தநீர் ஓடும் நுண்ணிய குழாய்களை அண்ணியின் உடம்பே பகை என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது. வடிய வழியில்லாமல் பித்தம் தேங்குவதால்தான் இந்த அரிப்பு, இந்த அசதி. முழுவதும் குணமாக்க மருந்தில்லை, மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம். யாருக்கும் தொற்றாது.

அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஈரல் குடிக்கிறவங்களுக்குத்தானே கெடும்?" என்பது. ஊர் முழுக்க அதையே கேட்டது. கம்பெனியில் ஏற்கெனவே மதியச் சாப்பாட்டின்போது அண்ணி பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இப்போது குடிக்கிற கதையும் சேர்ந்துகொண்டது. நடந்ததை எங்கள் தெருவிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் பெண் வந்து சொன்னாள். திங்கட்கிழமை காலை, மிஷின்களை ஓட்டுவதற்கு முன்னால், அண்ணி லைனின் முனையில் போய் நின்றாராம். "எனுக்கு ஈரல்ல நோவு கீது. தொட்டா ஒட்டாது. நான் குடிக்கறதும் கெடையாது. இன்னா கேக்கணுமோ இப்ப என்னாண்ட கேளுங்க. டிபன் பாக்ஸ தள்ளி வெச்சிக்கினு பேசாதீங்க." யாரும் எதுவும் கேட்கவில்லை. "அப்ப சரி, மிஷின ஓட்டுங்க" என்றாராம். அன்று மதியம் இரண்டு பெண்கள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

அன்று மாலை அவர் வந்ததும் நான் குழந்தையை நீட்டினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவர் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டார். கழுவ வேண்டியதில்லை என்று சொல்ல நினைத்தேன், அதையும் சொல்லவில்லை.

ஒன்பது வருடம் அந்த நோயோடு அவர் வேலைக்குப் போனார். களைத்துப்போய்ப் படியேற முடியாத நாட்களில் கீழ்ப்படியில் உட்கார்ந்து, தேறியதும் ஏறுவார். எலும்பு தேய்ந்து ஒரு மணிக்கட்டு முறிந்தது. கட்டோடு லைனில் நின்றார். பிறகு கண் மஞ்சளானது, வயிற்றில் நீர் கட்டியது, ஒருநாள் காலை ரத்தமாக வாந்தி எடுத்தார். இனி மாற்று ஈரல்தான் வழி என்றார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை இருந்ததால் கொடுக்க முடியவில்லை. அண்ணியின் ஒரே தம்பிக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது.

என் கணவர் இரண்டு வாரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மறுத்தது அண்ணிதான். "உனுக்குப் பொண்ணு கீது பாப்பா. என்னால உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?" அவளையே அழைத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தினேன். "அம்மாவ நான் பாத்துக்கறேன் மாமி. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள் ஒன்பது வயது மகள். அண்ணி அதன் பிறகு வாதாடவில்லை.

ஆனால் ஸ்கேனில் என் ஈரலில் கொழுப்பு இருப்பது தெரிந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை எனக்கு. எட்டுக் கிலோ குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா வீட்டிலேயே வந்து தங்கி, மறுநாள் காலையிலிருந்து கொரட்டூர் ஏரிக்கரையில் நடந்தேன். வேண்டாமென்றாலும் அண்ணி கூடவே வருவார். வீங்கிய வயிற்றோடு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு நான் போய்த் திரும்புவதை எண்ணுவார். நான் மூச்சு வாங்கி நின்றால், "இன்னும் ரெண்டு கீது, நிக்காத" என்று லைனில் அதட்டுகிற அதே குரல் வரும். நான் நடக்க நடக்க அவர் கண்ணின் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள்கூட விடவில்லை, மழையிலும் நடந்தேன். மூன்றாம் மாதக் கடைசியில் ஒன்பது கிலோ குறைந்திருந்தது.

அதற்கப்புறமும் ஒரு கதவு இருந்தது. நாத்தனார் என்பது சட்டப்படி நெருங்கிய உறவில் வராது என்பதால் ஒரு குழுவின் அனுமதி வேண்டும். கேமரா ஓட, ஐந்து பேர் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள். பணம் தருவதாகச் சொன்னார்களா? அண்ணன் கட்டாயப்படுத்தினாரா? ரத்த சம்பந்தம் இல்லாதவருக்கு ஏன்? நான் குழந்தையின் கதையைச் சொன்னேன். ஒட்டிக்கும் என்று நான் சொன்னதையும், அவர் கையை மடக்கிக்கொண்டதையும் சொன்னேன்.

"அப்போ இது அதுக்குப் பரிகாரமா?" என்று அங்கிருந்த பெண் அதிகாரி கேட்டார்.

"இல்ல மேடம். அதுக்கு அன்னிக்கே மன்னிப்புக் கேட்டிருக்கணும். இது அவங்க இருக்கணும்னு. அவங்க இல்லாம எங்க வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

கதவுக்கு வெளியே வந்ததும் அண்ணியிடம் சொன்னேன், ஒன்பது வருடம் தாமதமாக. "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அண்ணி." அவர் என் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, "நான் அம்மாவா இருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். அனுமதி நான்கு நாளில் வந்தது.

அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள், வீட்டுக்குப் போவதற்கு முன் என்னை அவர் அறைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினார்கள். பட்டப்பகலில் அண்ணி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் போர்வைமேல் அசையாமல் கிடந்தன. சாப்பிடக்கூட எழுப்ப வேண்டியிருக்கிறது என்று நர்ஸ் அலுத்துக்கொண்டார். எழுப்பாதீங்க சிஸ்டர் என்றேன். தையல் வலித்தாலும் வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

நான்கு வருடம் ஆகிறது. கைநிறைய மாத்திரைகள், மாதாந்திரப் பரிசோதனை, வெளிச்சாப்பாடு கிடையாது. எட்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். போன மாதம் பரிசோதனைக்கு நான் துணைக்குப் போயிருந்தேன். இந்த நோய் புது ஈரலிலும் திரும்ப வரலாம், எல்லாருக்கும் வராது, கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் மருத்துவர். படியிறங்கும்போது நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நின்றுவிட்டேன். அண்ணி என் தோளைத் தட்டினார்.

"வந்தா வரட்டும் பாப்பா, பொறுமையாத்தான் வரும். நமக்கும் அதோட பழக்கம் கீது. இப்ப ஆட்டோ புடி, மதியம் லைன் ஆரம்பிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேரணும்."