பெரியவர் கேட்ட சம்பளம்

மாதக் கடைசி நாளில், சம்பளம் ஏறிய சேதியோடு, இருவருடைய கைபேசியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிணுங்கும். அப்பாவும் மகளும் வேலை முடிந்து பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா தன்னுடையதைப் பார்ப்பார். பிறகு ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறவர் மாதிரி கழுத்தை நீட்டி மகளுடையதையும் பார்ப்பார். இந்த மாதமாவது மாறியிருக்காதா என்று ஒரு நப்பாசை. மாறாது. இரண்டும் ஒரே தொகை. மனிதருக்கு வயிறு எரியும்.

வயது ஐம்பத்து மூன்று. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் வாசலில் உட்கார்ந்து, தாமதமாக வருகிறவர்களுக்கு அரைநாள் சம்பளத்தை வெட்டியவர். அவர் தலை தெரிந்தாலே ஆட்கள் தலைதெறிக்க ஓடி வருவார்கள். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சுகம் இருந்தது. அதை அவர் மறைத்ததும் இல்லை. பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். மகள்தான், தான் சேரப்போகும் சலவைக்கூடத்தில் இன்னொரு ஆளும் வேண்டுமாம் என்று சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு போனாள். ஒரே நாளில் சேர்ந்தார்கள். இரண்டு பேருமே ஜூனியர். மகளுக்கு வயது பத்தொன்பது.

போன வாரம் வீட்டுக்கு வந்த மைத்துனன் வாயைச் சும்மா வைத்திருக்கவில்லை. "என்ன மாமா, நீங்களும் பொண்ணும் ஒரே வகுப்பாமே? யாரு முதல் பெஞ்சு?" என்றான். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை, ஆனால் அது அவர் கண்ணில் படவில்லை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்தச் சிரிப்புதான் அவர் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

சலவைக்கூடத்தில் அவர்களுக்கு உருளை இயந்திரத்தில் வேலை. ஆஸ்பத்திரிகள், ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் இஸ்திரியாகி, சூடாக, மொடமொடவென்று அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று இரண்டு முனைகளைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, ஒருவர் முனையை இன்னொருவர் கையில் சேர்த்து மடிக்க வேண்டும். மடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். பெரியவரின் விரல்கள் மரத்துப்போனவை. இரண்டு விரிப்புக்கு ஒரு தடவை முனை நழுவும். மகள் எதிரே வரும்போதே அதை எட்டிப் பிடித்து, கோணலை இழுத்துச் சரிசெய்து, அவர் கையிலேயே திணித்துவிடுவாள். ஒரு மூச்சு நேரத்தில் நடக்கிற காரியம். யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது என்பதுதான் கொடுமை. தேநீர் இடைவேளையில், "எங்க ஜோடியை அடிச்சுக்க ஆள் கிடையாது. பழக்கி விட்டிருக்கேன்ல," என்று இளசுகளிடம் பெருமை அடித்துக்கொள்வார். மகள் கோப்பையைக் கழுவப் போய்விடுவாள்.

அவளுக்கு எக்ஸ்ரே எடுக்கும் படிப்பில் இடம் கிடைத்திருந்தது, மாலை வகுப்பு. சம்பளத்தில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் கட்ட வேண்டும். கணக்கு சரியாக இருந்தது. ஒரு மாதம் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் இடம் போய்விடும். இது அப்பாவுக்கும் தெரியும்.

தெரிந்தும்தான் முதலாளியம்மாவின் கண்ணாடி அறைக்குப் போனார். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். எல்லாரிடமும் தேனாகப் பேசுவாள்.

"உட்காருங்க அங்கிள். என்ன விஷயம்?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல? நேத்து பொறந்த பிள்ளைங்களுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்னா, வெளியில சொல்லவே கூச்சமா இருக்கு."

"வேலை ஒண்ணுதானே அங்கிள்?"

"வேலை ஒண்ணுதாம்மா. பொறுப்பு ஒண்ணா? எனக்குக் குடும்பம் இருக்கு. அதுங்களுக்கு என்ன செலவு? வீட்டுல சோறு, வீட்டுல படுக்கை. வாங்குறதெல்லாம் போனுக்கும் சினிமாவுக்கும்தான் போகுது."

முதலாளியம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "நான் இப்படி யோசிச்சதே இல்லை அங்கிள். நீங்க சொல்றது நியாயம்."

பெரியவர் மிதந்துகொண்டு வெளியே வந்தார். இயந்திரத்துக்கு எதிர்ப்புறம் நின்ற மகளைப் பார்த்து, எதற்கென்று சொல்லாமல், ஒரு புன்னகை வேறு செய்தார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எல்லாரையும் அழுக்குத்துணி வண்டிகளுக்குப் பக்கத்தில் கூட்டினாள் முதலாளியம்மா. இந்த மாதத்திலிருந்து இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கும் ஜூனியர்களுக்குச் சம்பளத்தில் கால்வாசி குறையும். மற்றவர்களுக்கு இப்போது இருப்பதே. இளசுகள் முணுமுணுத்தார்கள்.

"இது என் யோசனை இல்லைப்பா," என்றாள் அவள். "அங்கிள்தான் சொன்னாங்க, உங்களுக்கெல்லாம் செலவே கிடையாதுன்னு. அவங்க பொண்ணும் இங்கதான் வேலை பார்க்குறா. அப்படியிருந்தும் மனசு விட்டுச் சொன்னாங்கன்னா, எவ்வளவு நேர்மை!"

எல்லார் கண்ணும் அவர்மேல் திரும்பியது. அவர் கேட்டது தனக்குக் கூட்டச் சொல்லி; யாருக்கும் குறைக்கச் சொல்லி அல்ல. வாயைத் திறந்து அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏனென்றால் அந்த அவமானத்துக்கு அடியில், சின்னதாக ஒரு சந்தோஷம் தலையைத் தூக்கியிருந்தது. இனி இருவருக்கும் ஒரே தொகை இல்லை. வெட்கங்கெட்ட சந்தோஷம்தான், ஆனாலும் அவருக்கு இனித்தது.

உருளைக்குத் திரும்பினார்கள். மகள் தன் முனைகளைப் பிடித்தாள், உதறினாள், நடந்து வந்தாள், கொடுத்தாள். அவ்வளவுதான். அவர் கையில் நழுவியதை அவள் பிடிக்கவில்லை. முதல் விரிப்பு கோணலாக மடிந்தது. மூன்றாவது தரையில் விழுந்தது. அதை எடுக்க அவர் குனிவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் குவிந்தது. "பிடி, பிடி!" என்று கத்தினார். அவள் தன் முனையைப் பிடித்தபடியே நின்றாள். கடைசியில் யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். முதலாளியம்மா வந்துவிட்டாள்.

"இத்தனை நாள் நல்லாத்தானே போச்சு?"

"இத்தனை நாள் ரெண்டு பக்கமும் நான்தான் பார்த்துக்கிட்டேன் மேடம்," என்றாள் மகள். குரலில் கோபம்கூட இல்லை.

முதலாளியம்மா குவியலைப் பார்த்தாள், இருவரையும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது.

"வேலையைப் பார்த்தா முழுச் சம்பளம் இவளுக்குத்தான் கொடுக்கணும். வயசைப் பார்த்தா உங்களுக்கு. ரெண்டு பேருக்கும் முழுசா என்னால கொடுக்க முடியாது. உங்க குடும்பத்துப் பணம்தானே அங்கிள், நீங்களே சொல்லுங்க. யாருக்கு முழுசு, யாருக்குக் குறைச்சல்?"

சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். மகள் அவர் முகத்தையே பார்த்தாள். அதுவரை கல்லாக இருந்தவள், அந்தக் கணத்தில் சின்னப் பிள்ளையாகிவிட்டாள். 'அவளுக்கே கொடுங்க' என்று அப்பா சொல்லிவிடுவார் என நம்பினாள். அவருக்கும் தொண்டைவரை வந்தது. கூடவே மைத்துனன் வருவான் என்ற நினைப்பும் வந்தது. ஒரே சம்பளத்துக்கே அப்படிச் சிரித்த மனைவி, மகளைவிடக் குறைவு என்றால் என்ன சிரிப்புச் சிரிப்பாள்? படிப்புக்கு வேண்டுமென்றால் என்னிடம் வந்து கேட்கட்டுமே, கொடுக்காமலா போகப்போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்கட்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"எனக்கே இருக்கட்டும்மா," என்றார்.

முதலாளியம்மாவே ஒரு நொடி தரையைப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். மகள் இயந்திரத்தை ஓடவிட்டாள். இயந்திரம் நின்றால் இருவருக்கும் வேலை போகும் என்பதால், மறுபடியும் அவர் பக்கத்தையும் சேர்த்தே பிடித்தாள். சாயங்காலம் வரை ஒவ்வொரு விரிப்புக்கும் எதிரே நடந்து வந்து அவர் கையைத் தொட வேண்டியிருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவிக்குச் சேதி எப்படியோ பாதி வந்து சேர்ந்திருந்தது. "பொண்ணுக்குச் சம்பளம் குறைச்சுட்டாங்களாமே? உங்களைக் கேட்டுத்தான் செஞ்சாங்களாமே?"

பெரியவர் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "என்னை எங்க கேட்டாங்க? யாருக்கு முழுசு வேணும்னு இவகிட்டதான் கேட்டாங்க. அப்பாவுக்கே இருக்கட்டும்னு இவளே சொல்லிட்டா."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "உனக்கு மூளை கீளை இருக்காடி? ஒரு வருஷமா நாயா உழைச்சது எதுக்கு? இனிமே படிப்பு படிப்புன்னு என்கிட்ட வந்து நின்னே, பார்த்துக்க!"

மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள், அவர் ஒரு வார்த்தை சொல்லப் போதுமான நேரம் பார்த்தாள்.

"விடு, திட்டாதே," என்றார் அவர் மனைவியிடம். "சின்னப் பொண்ணு. அவ வயசு அப்படி."